ஆடும் கியர் லீவர்: பழைய கார்மன் கியாவின் கியர் இணைப்பைப் புதுப்பித்தல்

இயந்திரத்தை நிறுத்தி, காரை மூன்றாம் கியரில் விட்டு, லீவரின் குமிழை இரண்டு விரல்களால் பிடித்து முன்னும் பின்னும் இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ள வோக்ஸ்வாகனிலும் அது சிறிது அசையும். ஆனால் அந்த அசைவு எங்கே முடிகிறது என்பது விரல்களுக்குத் தெளிவாகத் தெரியும். நான் வாங்கிய 1967ஆம் ஆண்டு வோக்ஸ்வாகன் கார்மன் கியாவில் அந்த முடிவு தெரியவில்லை. ஒடியற் கூழ்ப் பானைக்குள் விட்ட அகப்பையைப் போல லீவர் எல்லாப் பக்கமும் ஓடியது. இரண்டாம் கியரைத் தேடிப் போனால் சில வேளைகளில் நான்காம் கியர் அகப்பட்டது. றிவேர்ஸ் போடுவதற்கு முன் நல்லூரானுக்கு ஒரு நேர்த்தி வைக்க வேண்டியிருந்தது.

இந்த நிலையில் உள்ள காரை வைத்திருக்கும் இளைஞர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, லீவரின் வீச்சைக் குறைக்கும் 'ஷோர்ட் ஷிஃப்ற்' தொகுதியைப் பற்றித்தான். அதை நான் குறை சொல்லவில்லை; என் காரிலும் இப்போது அது இருக்கிறது. ஆனால் தேய்ந்த இணைப்பின் மேல் அதைப் பூட்டுவது ஆட்டம் கண்ட கதவுக்குப் புதுப் பூட்டுப் போடுவதைப் போன்றது. பழையதை முதலில் இறுக்கமாக்க வேண்டும், அதன் பிறகே புதியதைச் சேர்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் ஒழுங்கு. பலருக்கு முதற்பாதியோடு வேலை முடிந்துவிடும். தொகுதி வாங்கும் எண்ணமே போய்விடும்.

யாழ்ப்பாணத்தில் பழைய கார் என்றால் ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகியவையே முதலில் நினைவுக்கு வரும். எங்கள் மெக்கானிக்குகளின் கையும் அவற்றுக்கே பழகியது. அந்தக் கார்களில் கியர்பொக்ஸ் முன்னால், ஓட்டுநரின் காலடிக்கு அருகிலேயே இருக்கிறது. கார்மன் கியா 1955இல் வெளிவந்த, வோக்ஸ்வாகன் பீட்டிலின் அடிச்சட்டத்தின் மேல் கட்டப்பட்ட கார். அதன் வடிவம் இத்தாலியின் ரூறின் நகரத்துக் கியா நிறுவனத்துடையது, உடலைக் கட்டியது ஜேர்மனியின் ஒஸ்னாப்றுக் நகரத்துக் கார்மன் நிறுவனம், ஆனால் உள்ளே ஓடுவதெல்லாம் பீட்டில். ஆகவே இயந்திரமும் கியர்பொக்ஸும் பின்னால் இருக்கின்றன. லீவர் நடுவில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலான தூரத்தை ஒரு நீண்ட இரும்புத் தண்டுதான் கடக்கிறது. இங்கே எழுதுவது அனைத்தும் பீட்டிலுக்கும் அப்படியே பொருந்தும் என்பதால், கியா இல்லாதவர்களும் தொடர்ந்து வாசிக்கலாம்.

லீவரிலிருந்து கியர்பொக்ஸ் வரை

இரண்டு முன் இருக்கைகளுக்கும் நடுவே முன்னிருந்து பின்வரை ஓடும் மேட்டைக் கராஜ்காரர்கள் 'ரனல்' என்பார்கள். அது வெறும் மேடு அன்று, காரின் முதுகெலும்பு. நீள்தண்டு அதற்குள்ளேதான் கிடக்கிறது. லீவர் தன் நடுப்பகுதியில் உள்ள பந்தின் மேல் சுழல்கிறது. அதன் கீழ் நுனி தண்டில் பற்றவைக்கப்பட்ட ஒரு கிண்ணத்துக்குள் இறங்கி நிற்கிறது. குமிழை முன்னே தள்ளினால் கீழ் நுனி பின்னே போகிறது, தண்டும் பின்னே போகிறது. குமிழை இடம் வலமாகச் சாய்த்தால் தண்டு தன் அச்சில் சிறிது உருள்கிறது. எந்தச் சோடிக் கியர் என்பதை உருளல் தேர்ந்தெடுக்கிறது; அந்தச் சோடியில் எது என்பதை முன்பின் நகர்வு முடிவுசெய்கிறது. நான்கு கியரும் றிவேர்ஸும் இந்த இரண்டு அசைவுகளுக்குள் அடங்கிவிடுகின்றன.

தண்டைத் தாங்குவது ரனலுக்குள் ஒரு கொளுவியில் அமர்ந்திருக்கும் பிளாஸ்ரிக் புஷ், அதாவது தண்டு ஊடே ஓடும் வளையம். தண்டின் பின்முனையை, கியர்பொக்ஸின் மூக்கிலிருந்து வெளியே நீளும் குறுந்தண்டோடு சேர்ப்பது றப்பர் வைத்த கப்ளிங். லீவரின் பந்துக்குக் கீழே ஒரு ஸ்பிறிங்கும், அதற்கும் கீழே ஒரு தடுப்புத் தகடும் உள்ளன. லீவரைக் கீழே அமுக்காமல் றிவேர்ஸுக்குள் நுழைய விடாமல் காப்பது அந்தத் தகட்டின் மேல்நோக்கி மடிந்த விளிம்புதான். இவ்வளவுதான் முழு இணைப்பும். ஒவ்வோர் இடத்திலும் ஒன்றரை மில்லிமீற்றர் தேய்ந்தால் தனியே எவரும் அதைக் கவனிக்கமாட்டார். எல்லாம் சேர்ந்து, லீவரின் நீளத்தால் பெருகி, குமிழுக்கு வரும்போது அது கூழ்ப் பானையாகிவிடுகிறது.

எங்கே தேய்ந்திருக்கிறது என்பதைக் கண்டறிதல்

கழற்றுவதற்கு முன் கிளச்சைச் சரிபாருங்கள். கியர் விழும்போது அரைபடும் சத்தம் வருவதும், இயந்திரம் ஓடும்போது மட்டும் கியர் மறுப்பதும் பெரும்பாலும் இணைப்பின் குற்றம் அல்ல. கிளச் முழுமையாக விடுபடாததன் குற்றம். மிதியை விரலால் அமுக்கினால் எதிர்ப்புத் தொடங்கும் வரை 10 முதல் 20 மில்லிமீற்றர் வரை அது வெறுமையாக இறங்க வேண்டும். அதற்குக் கூடினால், கியர்பொக்ஸின் இடப்பக்கத்தில் கிளச் கேபிளின் முனையில் உள்ள சிறகு நட்டை இறுக்க வேண்டும். றிவேர்ஸுக்கு சிங்க்ரோ, அதாவது பற்கள் அரைபடாமல் சேர வேகங்களைச் சமப்படுத்தும் அமைப்பு, இல்லை என்பதையும் மறக்கக்கூடாது. கிளச்சை அமுக்கிய பின் இரண்டு மூன்று விநாடி பொறுத்துப் போட்டால் எந்த நல்ல காரும் முனகாது. 1961 மொடலுக்கு முற்பட்ட பீட்டில் என்றால் முதல் கியரும் அவ்வாறானதே.

கிளச் சரி என்றால், பின் இருக்கையின் அடிப்பலகையை எடுத்துவிட்டு, ரனலின் பின்முனையில் உள்ள சிறு மூடியைக் கழற்றுங்கள். அதன் கீழே கப்ளிங் தெரியும். இப்போது வீட்டில் உள்ள தம்பி தங்கை யாரையாவது முன் இருக்கையில் இருத்தி, லீவரை மெதுவாக அசைக்கச் சொல்லி, நீங்கள் கைவிளக்கோடு கப்ளிங்கைப் பாருங்கள். லீவர் அசைந்தும் தண்டு அசையாவிட்டால் தேய்வு முன்னால், பந்திலோ கிண்ணத்திலோ இருக்கிறது. தண்டு அசைந்தும் குறுந்தண்டு அசையாவிட்டால் கப்ளிங் முடிந்துவிட்டது. தண்டு நகர வேண்டிய திசையில் நகராமல் மேலும் கீழும் துள்ளினால் புஷ் இல்லை என்று கொள்ளலாம். குறிப்பிட்ட வேகத்தில் ரனலுக்குள்ளிருந்து சில்வண்டு கத்துவதுபோல ஓர் இரைச்சல் வந்து, லீவரைக் கையால் பிடித்ததும் அது நின்றால், அதுவும் புஷ்ஷின் அடையாளமே. மூன்றும் ஒழுங்காக அசைந்து, குறுந்தண்டு கியர்பொக்ஸுக்குள் முழுமையாகப் போய் வந்தும் ஒரு கியர் மட்டும் நிற்க மறுத்தால், நோய் பெட்டிக்குள்ளே இருக்கிறது. அதற்கு இந்தக் கட்டுரை மருந்து அல்ல.

இந்தப் பத்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் பொருள் வாங்கப் புறப்படுபவர்கள் பலர். பொருளின் விலையை விட, கொழும்புக்குப் போய்வரும் பஸ் பயணம்தான் உடம்பை முறிக்கும்.

வாங்குவதும் கடைவதும்

புதிய கப்ளிங், புஷ், லீவருக்கான ஸ்பிறிங், தூசி காக்கும் றப்பர் உறை ஆகியவை தேவை. இவை பீட்டிலுக்கும் கியாவுக்கும் பொதுவானவை என்பதால், கொழும்புப் பஞ்சிகாவத்தையில் வோக்ஸ்வாகன் சாமான் வைத்திருக்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். வெளிநாட்டில் உள்ள உறவினர் யாராவது வரும்போது கொண்டுவரச் சொன்னாலும், எல்லாம் சேர்த்து ஒரு சிறு பொட்டலந்தான். தடுப்புத் தகட்டைப் பழையதைப் பார்த்த பிறகே வாங்குங்கள், ஏனென்றால் ஆண்டுக்கு ஆண்டு அதன் உருவம் மாறியிருக்கிறது.

கப்ளிங்கில் இரண்டு வகை உண்டு. பழைய முறையில் றப்பர் வைத்தது மென்மையானது, அதிர்வை விழுங்கும். யூறெத்தேன் வைத்தது கடினமானது, அசைவை இழக்காமல் கடத்தும், ஆனால் கியர்பொக்ஸின் இரைச்சலில் சிறிது லீவருக்கு வரும். நான் யூறெத்தேனைத் தெரிந்தேன். சித்திரை வெயிலில் முற்றத்தில் நிற்கும் காருக்குள் றப்பர் எவ்வளவு சீக்கிரம் மாவாகிறது என்பதைப் பார்த்தவர்கள் இதற்குக் காரணம் கேட்கமாட்டார்கள். கல்யாணத்துக்கு மட்டும் வெளியே எடுக்கும், அமைதியாக ஓட வேண்டிய கார் என்றால் றப்பரே போதும்.

புஷ் கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம். நைலோன் உருளையைக் கொடுத்து, உட்துளையைத் தண்டின் விட்டத்தை விட 0.2 மில்லிமீற்றர் மட்டும் பெரிதாகக் கடையச் சொல்லுங்கள். அதாவது தண்டைச் சுற்றி எப்பக்கமும் ஏறக்குறைய ஒரு கொப்பித் தாளின் தடிப்பளவு இடைவெளி. தண்டைத் தேய்வில்லாத இடத்தில் அளக்க வேண்டும். புஷ் உராய்ந்த இடத்தில் அளந்தால் கணக்குப் பிழைக்கும். பித்தளையில் கடைந்தால் உழைக்கும் என்று பட்டறைக்காரர் சொல்லக்கூடும். உழைக்கும்தான், ஆனால் கிறீஸ் காய்ந்த மறுநாளே இரும்பும் பித்தளையும் உரசிக் கத்தும், பின்னர் தேய்வது புஷ்ஷாக இராது, தண்டாக இருக்கும். மலிவான பொருள் தேய்ந்து, அரிய பொருள் தப்ப வேண்டும் என்பதே புஷ் என்ற ஒன்றை வைத்ததன் காரணம்.

கழற்றுதல்

வேலை தொடங்குமுன் பற்றரியின் இணைப்பைக் கழற்றுங்கள். கியாவில் பற்றரி இயந்திர அறைக்குள் இருக்கிறது. பீட்டிலில் அது பின் இருக்கையின் கீழே, வலப்பக்கத்தில், நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கு அருகிலேயே இருக்கிறது. இருக்கையின் இரும்புச் ஸ்பிறிங் பற்றரி முனையில் பட்டுத் தீப்பிடித்த பீட்டில்களின் கதை உலகெங்கும் உண்டு. இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும்: ரனலுக்குள் நீள்தண்டோடு கிளச் கேபிள், அக்சிலறேற்றர் கேபிள் ஆகியவற்றின் குழாய்கள் மட்டுமன்றிப் பெற்றோல் குழாயும் ஓடுகிறது. ஆகவே உள்ளே எதையும் கம்பியால் நெம்பக்கூடாது, அரைக்கும் இயந்திரத்தை அருகில் கொண்டுவரக்கூடாது. பெற்றோல் வாடை வந்தால் கியரை மறந்துவிட்டு முதலில் அதைக் கவனியுங்கள்.

லீவரை நியூற்றலில் வைத்து, அதன் அடித்தட்டைப் பிடித்திருக்கும் இரண்டு போல்ற்றுகளையும் 13ஆம் இலக்க ஸ்பனரால் கழற்றுவதற்கு முன், அடித்தட்டைச் சுற்றி ரனலின் மேல் ஊசியால் ஒரு கோடு கீறிவிடுங்கள். அந்தக் கோடுதான் பின்னர் உங்களைக் காப்பாற்றும். லீவரைத் தூக்கியதும் ஸ்பிறிங்கும் தடுப்புத் தகடும் தெரியும். தகட்டை எடுக்குமுன், அது எந்தப் பக்கம் பார்த்துக் கிடந்தது என்பதைத் தொலைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மடிந்த விளிம்பு வலப்பக்கம், மேல்நோக்கி இருக்க வேண்டும். ஆனால் உங்களுக்கு முன்னர் வேலை செய்தவர் அதைத் தலைகீழாகப் போட்டிருக்கவும் கூடும்.

நான் முதன்முறை அந்தத் துளைக்குள் கைவிட்டபோது அகப்பட்டது செம்மண். வலிகாமத்துத் தோட்டத் தெருக்களில் ஓடிய காரின் வயிற்றுக்குள் அரை நூற்றாண்டுத் தூசு கிறீஸோடு குழைந்து, பிட்டுக்குக் குழைத்த மாவைப்போல் இறுகிக் கிடந்தது. அதற்கு நடுவே, புஷ் இருக்க வேண்டிய இடத்தில், செருப்பு றப்பரை வட்டமாக வெட்டித் துளையிட்டுக் கம்பியால் சுற்றிக் கட்டிய ஒரு பொருள் இருந்தது. பெற்றோலும் உதிரிப்பாகமும் வடக்குக்கு வராத தொண்ணூறுகளில், மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய காலத்தில், யாரோ ஒரு மெக்கானிக் செய்த வேலை. அது ஒரு பக்கம் முழுதாகத் தேய்ந்திருந்தாலும் தன் இடத்தை விட்டு அசையவில்லை. அதைக் கழுவி இன்னும் மேசையில் வைத்திருக்கிறேன்.

தூசியைப் பழைய துணியாலும் தூரிகையாலும் வெளியே எடுங்கள். நீர் பாய்ச்ச வேண்டாம். உப்புக் காற்று வீசும் ஊரில் ரனலுக்குள் ஈரம் தங்கினால், அடுத்த முறை கைவிடும்போது அடித்தகடு இராது.

புஷ்ஷை மாற்றுதல்

முழு வேலையிலும் பொறுமையைச் சோதிப்பது இதுதான். முதலில் பின்னால் போய்க் கப்ளிங்கைக் கழற்ற வேண்டும். அதன் திருகாணிகளில் சதுரத் தலையுள்ளது பூட்டுக் கம்பியால் கட்டப்பட்டிருக்கும்; கம்பியை வெட்டி, திருகாணியைத் தளர்த்தினால் குறுந்தண்டு விடுபடும். மற்றப் பக்கத்தையும் விடுவித்துக் கப்ளிங்கை வெளியே எடுங்கள். கப்ளிங் போன பிறகு நீள்தண்டுக்கு நகர இடம் கிடைக்கும். லீவர் துளைக்குள் பூட்டுக் குறட்டை விட்டுத் தண்டைப் பிடித்து, அதன் முனை புஷ்ஷை விட்டு வெளிவரும்வரை நீளவாக்கில் மெல்ல நகர்த்துங்கள். குறடு தண்டின் மேல் பல் பதிக்காதபடி இடையில் ஒரு தோல் துண்டை வையுங்கள். பல் பதிந்த தண்டு புதுப் புஷ்ஷை அரத்தைப்போல் அராவிவிடும்.

பழைய புஷ் துண்டு துண்டாக வரும். எல்லாத் துண்டுகளையும் எடுத்துவிட்டீர்களா என்று சேர்த்துப் பாருங்கள். புதியது ஒரு பக்கம் பிளந்திருக்கும்; அந்தப் பிளவால் அதைச் சுருக்கிக் கொளுவியின் வட்டத்துக்குள் நுழைத்து, உள்ளே விரிய விட வேண்டும். அதோடு வரும் மெல்லிய கம்பி வளையத்தைப் புஷ்ஷின் காடியில் மாட்ட மறக்காதீர்கள். பலர் அதைப் பொட்டலம் கட்டிய கம்பி என்று நினைத்து எறிந்துவிடுகிறார்கள், பின்னர் புஷ் கொளுவியை விட்டு ஓடிவிட்டது என்று மனம் நோகிறார்கள். லேத்தில் கடைந்த புஷ் என்றால் அதற்கும் இந்தப் பிளவும் காடியும் வேண்டும். பட்டறைக்குப் பழைய துண்டுகளையும் மாதிரிக்குக் கொண்டுபோங்கள்.

விரல் நுனியில் லிதியம் கிறீஸ் எடுத்துப் புஷ்ஷின் உள்ளேயும் தண்டின் மேலேயும் தடவி, தண்டைத் திரும்ப நுழையுங்கள். நுழையும் கணத்தில் தண்டு தன் எடையால் தொங்குவதால் புஷ் வளைந்துவிடும். ஒருவர் தண்டைத் தூக்கிப் பிடிக்க மற்றவர் நகர்த்துவது நல்லது. தனியாகச் செய்தால் ஒரு பின்னேரம் போய்விடும்.

கப்ளிங்கும் ஒரு பூட்டுக் கம்பியும்

புதுக் கப்ளிங்கைத் தண்டோடு சேர்த்த பின், சதுரத் தலைத் திருகாணியின் கூர்நுனி குறுந்தண்டில் உள்ள குழியில் சரியாக அமர்கிறதா என்று பாருங்கள். குழியைத் தவறவிட்டுத் தண்டின் மேற்பரப்பில் முட்டி நின்றாலும் அது இறுகியதுபோலத்தான் கைக்குத் தெரியும். திருகாணியைச் சிறிது தளர்த்தி, தண்டை முன்பின்னாக அசைத்தபடி மறுபடி இறுக்கினால், நுனி குழிக்குள் விழுவதை உணரலாம். அதன் பிறகு முழுதாக இறுக்கி, திருகாணித் தலையின் துளையூடாகப் பூட்டுக் கம்பியை விட்டு, திருகாணி தளரும் திசைக்கு எதிராக இழுத்துக் கட்டுங்கள்.

இந்தக் கம்பியைப் பற்றி அழுத்திச் சொல்வதற்கு, யாழ்ப்பாணத்தைத் தீவுகளோடு இணைக்கும் பண்ணைப் பாலத்தில் நடந்த ஒரு கதை என்னிடம் இருக்கிறது. முதன்முறை வேலை முடித்த மாலை, கம்பி கையில் இல்லை, நாளைக்குக் கட்டலாம் என்று எண்ணி, காற்று வாங்க ஊர்காவற்றுறைப் பக்கம் போனேன். திரும்பும் வழியில், இரு புறமும் கடல், லீவர் திடீரென்று எல்லாத் திசையிலும் சுதந்திரமாக ஓடியது; கியர்பொக்ஸோ மூன்றாம் கியரில் நின்றது. திருகாணி கழன்று ரனலுக்குள் விழுந்துவிட்டது. கிளச்சை அரைத்து அரைத்து மூன்றாம் கியரிலேயே வீடு வந்து சேர்ந்தேன். ஒரு சாண் கம்பிக்காகக் கிளச் தட்டின் ஆயுளில் பாதியைக் கொடுத்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

லீவரை அமர்த்திச் சரிசெய்தல்

பந்தையும் கிண்ணத்தையும் மண்ணெண்ணெயால் கழுவி, துடைத்து, கிறீஸ் பூசுங்கள். லீவரின் கீழ் நுனி ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் பற்றவைத்து அராவி உருண்டையாக்கலாம். அந்த வேலையை லீவரை வெளியே கொண்டுபோய்ச் செய்ய வேண்டும். தடுப்புத் தகட்டின் விளிம்பு மழுங்கியிருந்தால் தகட்டை மாற்றுவதே நல்லது, ஏனென்றால் இரண்டாம் கியருக்கு இழுக்கும்போது லீவர் றிவேர்ஸுக்கு நழுவாமல் தடுப்பது அந்த விளிம்பு ஒன்றே.

தகடு, ஸ்பிறிங், லீவர் என்ற ஒழுங்கில் இறக்கி, கீழ் நுனி கிண்ணத்துக்குள் விழுந்ததை உறுதிசெய்து, போல்ற்றுகளை விரலால் மட்டும் இறுக்குங்கள். துளைகள் சற்று அகலமாக இருப்பதால் அடித்தட்டைச் சிறிது நகர்த்த முடியும். முதலில் கீறிய கோட்டில் அதை நிறுத்துங்கள். நியூற்றலில் லீவர் இடமும் வலமும் சாயாமல் நிமிர்ந்து நிற்க வேண்டும். இயந்திரத்தை ஓட்டாமல் நான்கு கியர்களையும் போட்டுப் பாருங்கள். காரைச் சிறிது தள்ளினால் பற்கள் பொருந்தும். முன்னே உள்ள முதலாம் மூன்றாம் கியர்கள் முழுதாக விழாமல் லீவர் எங்காவது முட்டினால் தட்டை மயிரளவு நகர்த்திப் பார்க்க வேண்டும். பின்னே உள்ளவற்றில் முட்டினால் எதிர்ப்புறமாக நகர்த்த வேண்டும். அமுக்காமல் றிவேர்ஸ் விழக்கூடாது. அமுக்கி இடப்பக்கம் சாய்த்துப் பின்னே இழுத்தால் தயக்கமின்றி விழ வேண்டும். இரண்டும் சரியானால் போல்ற்றுகளை இறுக்குங்கள், இறுக்கிய பின் மறுபடி எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள், ஏனென்றால் இறுக்கும்போது தட்டு நகர்வது வழக்கம்.

வீச்சைக் குறைக்கும் தொகுதி யாருக்கு?

இப்போது காரை ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள் என்பேன். அதன் பிறகும் குறுகிய வீச்சு வேண்டும் என்று தோன்றினால், அது என்ன செய்கிறது என்பதைக் கணக்காகப் பார்க்கலாம். பந்திலிருந்து குமிழ் வரை 280 மில்லிமீற்றர், பந்திலிருந்து கீழ் நுனி வரை 70 மில்லிமீற்றர் என்று ஓர் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம்; கீழே ஒன்று நகர மேலே நான்கு நகரும். தொகுதியில் வரும் அடைப்புத் துண்டு லீவரின் சுழல்புள்ளியை 20 மில்லிமீற்றர் உயர்த்துகிறது என்றும், குமிழ் பழைய உயரத்திலேயே நிற்கிறது என்றும் கொண்டால், மேலே 260, கீழே 90. விகிதம் மூன்றுக்குச் சற்றுக் குறைவு. வீச்சு கால்வாசிக்கு மேல் குறைந்துவிட்டது. ஆனால் தள்ளும் விசை ஏறக்குறைய 1.4 மடங்காகிறது. பழைய சிங்க்ரோ வளையங்களுக்கு அவகாசம் கொடுக்காமல் அடித்துப் போடும் பழக்கம் உள்ளவர் கையில் இது கியர்பொக்ஸை உண்ணும்.

ஆட்டத்துக்கு வருவோம். கீழே 12 மில்லிமீற்றர் நகர்ந்து கியர் விழுகிறது, அதில் 3 மில்லிமீற்றர் தேய்வினால் வீணாகிறது என்றால், முன்பு குமிழில் 48க்கு 12 வீண். தொகுதி பூட்டிய பின் 35க்கு 9 வீண். அன்றும் கால்பங்கு, இன்றும் கால்பங்கு. தேய்வை எடுக்காமல் வீச்சைக் குறைத்தவர்கள் பெற்றுக்கொள்வது இவ்வளவே.

வாங்குவதானால், சுழல்புள்ளி உயர்ந்த அளவுக்கு லீவரின் கீழ் நுனியையும் நீட்டுவதற்கான துண்டு தொகுதியில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நுனி கிண்ணத்தின் விளிம்பில் மட்டும் தொட்டு நிற்கும். போல்ற்றுகளும் நீளமானவையாக வர வேண்டும். பூட்டிய பின் சரிசெய்தலை முதலிலிருந்து செய்ய வேண்டும். பழைய கோடு இப்போது உதவாது. உதவிக்கு வந்த மெக்கானிக் ஐயா ஒருவர், லீவரை வெட்டிக் குமிழைத் தாழ்த்தினாலும் வீச்சுக் குறையும்தானே என்று கேட்டார். குறையும். ஆனால் வெட்டிய லீவர் வளராது. அடைப்புத் துண்டைக் கழற்றினால் கார் பழையபடி ஆகிவிடும்.

கியர்பொக்ஸின் தாங்கிகளும் எண்ணெயும்

இத்தனையும் செய்த பிறகும், காலை எடுக்கும்போதோ அழுத்தும்போதோ கியர் தானாக வெளியே துள்ளினால், கியர்பொக்ஸைத் தாங்கும் றப்பர்களைப் பாருங்கள். மூக்கில் ஒன்றும் பின்னால் இரண்டும் உண்டு. லீவரும் தண்டும் உடலோடு நிற்க, றப்பர் கிழிந்த பெட்டி மட்டும் முன்பின்னாக ஆடினால், பெட்டி தானே தன் கியரைக் கழற்றிக்கொள்ளும். பின் றப்பர்களை மாற்ற இயந்திரத்தை இறக்க வேண்டியிருப்பதால், கிளச் வேலையோடு சேர்த்துச் செய்வது புத்தி.

எண்ணெய் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்று தெரியாவிட்டால் மாற்றிவிடுங்கள். எஸ்ஏஈ 90 கியர் எண்ணெய் இரண்டரை லீற்றர் போதும். நான் ஜிஎல்-4 தரத்தைப் பயன்படுத்துகிறேன். அடைப்பான்களுக்கு 17 மில்லிமீற்றர் அறுகோணச் சாவி வேண்டும். எண்ணெய் விடும் மேல் அடைப்பான் கழன்று வருகிறது என்பதை உறுதிசெய்த பிறகே கீழ் அடைப்பானைத் திறவுங்கள். இல்லாவிட்டால் வெறும் பெட்டியோடு கார் வளவுக்குள் நிற்கும்.

முதல் ஓட்டத்தைப் பருத்தித்துறை வீதி போன்ற நெரிசலில் வைத்துக்கொள்ளாதீர்கள். காலையில், ஆளரவம் குறைந்த தெருவில், இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையே பலமுறை மாற்றிப் பாருங்கள்; இணைப்பு மூலைவிட்டமாகப் போவது அந்த மாற்றத்தில்தான், தட்டு பிழையாக நின்றால் அங்கேதான் தெரியும். 100 கிலோமீற்றர் ஓடிய பின் பின் இருக்கையை மறுபடி தூக்கி, பூட்டுக் கம்பி இழுவையோடு நிற்கிறதா, சதுரத் தலைத் திருகாணி அசைகிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு மூடியைப் பூட்டுங்கள்.